கடலோரத்துக் கிணறுகள்

காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரிலே, அலை பின்வாங்கும் வேளையில், மணற்பரப்பில் வட்ட வட்டமாகச் சுடுமண் விளிம்புகள் தலைகாட்டியதுண்டு. அவை முன்னோர் இறக்கிய உறைகிணறுகளின் வாய்கள். உப்புநீர் புரளும் இடத்தில் எவரேனும் கிணறு வெட்டுவரோ என்று நேயர்கள் கேட்கலாம். வெட்டமாட்டார்கள். வெட்டிய நாளில் கடல் இன்னும் அப்பால் இருந்தது என்பதே அதன் பொருள்.

முன்னர்த் தஞ்சை ஜில்லாவிலும், 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்திலும் அடங்கிய இவ்வூர்ப் பகுதியில், மத்திய அரசாங்கத்தின் தொல்பொருள் இலாகாவினர் 1962-ஆம் ஆண்டு முதல் அகழ்ந்து பார்த்தனர். கீழையூரில் பெரிய செங்கற்களாலான மேடையொன்றும் மரத்தறிகளும் வெளிப்பட்டன. அது படகுத்துறையே என்று கருதினர். வானகிரியில் செங்கல் நீர்த்தேக்கம் கிடைத்தது. 1980-க்குப் பின்னர்க் கடலாராய்ச்சி அறிஞர்கள் சோதித்தபோது, அலைவாயிலேயே செங்கற் சுவர்களையும் உறைகிணறுகளையும் கண்டனர்.

புகாரின் பெருமை பேச வந்த பட்டினப்பாலை, புறச்சேரியின் உறைகிணற்றையும் சொல்ல மறக்கவில்லை. மணற்பாங்கான நிலத்தில் வெறுங்குழி நில்லாது, சரிந்து விழும். ஆதலால் சூளையிற் சுட்ட உறையைத் தரையில் வைத்து, அதன் உள்ளிருந்து மண்ணை வாரி எடுப்பார்கள். உறை தானே கீழிறங்கும், அதன்மேல் இன்னொன்று. சிமிண்டு உறை வந்த பின்னும் நம் ஊர்க் கிணற்றாட்கள் செய்வது இதையேதான்!

அகழ்வோருக்குக் கிணறு ஒரு பொக்கிஷம். சற்றே ஏமாற்றும் பொக்கிஷமுங்கூட. பிற்காலத்தார் தோண்டிய குழி முற்காலத்து மண்ணடுக்குகளைத் துளைத்துக்கொண்டு செல்கிறது. அதன் அடியிலே கிடக்கும் ஓடு, பக்கத்து மண்ணில் வெகு மேலே கிடக்கும் ஓட்டைவிட இளையதாயிருக்கலாம். ஆழத்தை மட்டும் அளந்து வயது சொல்பவர் மோசம் போவர். எந்த அடுக்கிலிருந்து கிணறு தோண்டப்பட்டது என்று முதலில் பார்த்து, உள்மண்ணைத் தனியே அள்ளவேண்டும். நீர் மொள்ளும்போது நழுவிய குடம் அடியில் இருக்கும். கிணறு தூர்ந்தபின் கொட்டிய குப்பை அதன்மேல் இருக்கும். குடத்தை நழுவவிட்ட பெண் அன்று மாமியாரிடம் என்ன வசவு கேட்டாளோ, அதை எந்த ஆராய்ச்சியும் சொல்லாது.

அலைக்கோ இந்த முறையெல்லாம் தெரியாது. உறையைப் பெயர்த்து, உள்மண்ணைக் கரைத்து, அடுக்குகளையெல்லாம் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. சோழர் கோயில்களுக்குக் காவல் உண்டு; கரையோரத்துச் சுடுமண் வளையத்துக்கு யார் காவல்? அளவும் படமும் எடுக்காத கிணறு ஒரு புயலிலே போனால் போனதுதான். ஐப்பசி, கார்த்திகைக் கடல் கரையை அறுக்குமுன் ஒரு முறையும், அறுத்தபின் ஒரு முறையும் அங்கே நடந்து பார்த்துக் குறித்துவர வேண்டும். தோண்டவே வேண்டாம், கல்லூரி மாணவர் நால்வரும், ஒரு காமிராவும், ஓர் அளவு நாடாவும் போதுமே!