சோளக்கொல்லையில் ஒரு வெள்ளைப் பூ

மண்ணில் ஈரம் இருக்கிறது, உரமும் போட்டாயிற்று. ஆனாலும் சோளப்பயிர் வாடி நிற்கிறதே, ஏன்?

பயிரின் காலடியைப் பாருங்கள். சாண் உயரத்தில் ஒரு பச்சைச் செடி, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. அதுதான் சுடுமல்லி! மேலே பார்த்தால் பரம சாது. மண்ணுக்கடியில் சோளத்தின் வேரைத் துளைத்து, நீரையும் சத்தையும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். நம் கரும்புத் தோட்டங்களிலும் இதன் கைவரிசை உண்டு.

தூசி போன்ற இதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கும். பக்கத்தில் பயிர் வேர்விட்டு, அந்த வேரில் கசியும் வேதிப்பொருள் பட்டால்தான் கண்விழிக்கும். என்ன சாமர்த்தியம் பாருங்கள்! ஆப்பிரிக்காவில் இதே செடி சிவப்பாகப் பூக்கும். நம் பக்கம் பெரும்பாலும் வெள்ளைதான்.

வயலில் கண்டால், விதை சிந்துமுன் பிடுங்கிவிடுங்கள்.