புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம்?

வீட்டு மின்விசிறி தானாக ஓட டிஎஸ்18பி20 சென்சார் மாட்டுகிறோம். 12 பிட்டில் அது 0.0625 டிகிரி வரை பிரித்துக் காட்டும். ஒரு அளவுக்கு 750 மில்லி செகண்ட் வரை ஆகும். ஆனால் அறை வெப்பத்தில் அதன் பிழையே ±0.5 டிகிரி! அப்புறம் 31.4375 என்று காட்டி என்ன பயன்?

கடைசி இலக்கம் சும்மா ஆடிக்கிட்டே இருக்கும். ஆடும்போதெல்லாம் பதிவு செய்தால் மெமரி கார்டு தேயும். 9 பிட்டுக்கு மாற்றினால் படி 0.5 டிகிரி, நேரம் 93.75 மில்லி செகண்ட்தான்.

அப்பவும் எல்லையில் ரிலே டக்டக்கென்று அடிக்கலாம். அதற்கு 32-இல் ஓடவிட்டு 31-இல் நிறுத்துங்கள்.

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். நான் காட்டும் எண்ணை அம்மா அப்படியே நம்புவாங்க. நமக்கே நிச்சயமில்லாத இலக்கத்தை அவங்களிடம் காட்டலாமா?