கைமாறும் பேஸ் கிட்டார்

பழைய பேஸ் கிட்டார் வாங்கப் போகும் அனுபவசாலி, அதைத் துப்பாக்கிபோல் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் நெடுக்கே பார்ப்பார். அவர் தேடுவது வளைவை. பேஸில் உள்ள நான்கு தடித்த தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 75 கிலோ. மேப்பிள் மரத்தாலான ஒல்லி நெக் இந்த இழுப்பை இரவு பகலாகத் தாங்கியாக வேண்டும். அதற்காகவே அதன் உள்ளே டிரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி புதைந்திருக்கிறது. முனையிலுள்ள நட்டைத் திருகினால் கம்பி இறுகி, நெக்கை எதிர்ப்பக்கம் தள்ளும்.

முழு நேராக இருந்தாலும் சரிப்படாது. மிகத் தாழ்ந்த சுரம் தரும் 'ஈ' தந்தி நொடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. ஆனால் அகலமாக ஆடும். அதற்கு இடம் வேண்டும். ஒரு கையால் முதல் ஃப்ரெட்டையும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மறு கையால் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால், நடுவில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி தெரிய வேண்டும். கூடுதலாக இருந்தால் டிரஸ் ராடை ஒரு கால் சுற்றுத் திருகிச் சரிசெய்யலாம். நட் ஏற்கெனவே கடைசிவரை இறுகியிருந்து, அப்படியும் நெக் வளைந்தே நின்றால், நெக்கையே மாற்றும் எண்ணம் இல்லையென்றால், என்ன விலை சொன்னாலும் வாங்காதீர்கள்.

பேஸில் எல்லாமே மாற்றக்கூடியதுதான். லியோ ஃபெண்டர் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். 1951இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் ஒரு மெக்கானிக்கின் புத்தி தெரியும். 34 அங்குலத் தந்தி நீளம், ஃப்ரெட் பதித்த நெக், அந்த நெக்கை உடலோடு பிணைக்கும் நான்கு திருகுகள். கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். பழைய சாமான் வாங்குபவருக்கு இதுவே வசதி, இதுவே வம்பு. ஒரு வருடத்து நெக், இன்னொரு வருடத்து உடல், மூன்றாவது கிட்டாரின் சீரியல் எண் தகடு என்று ஒட்டுப்போட்டும் விற்கலாமே!

1965இல் ஃபெண்டர் நிறுவனம் சிபிஎஸ் ஒளிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முந்தைய கருவிகளுக்கு இன்றைக்கு எக்கச்சக்க விலை. ஆகவே துப்பறியாமல் பணம் கொடுப்பவர்கள் குறைவு. நெக்கைக் கழற்றினால் அடிக்கட்டையில் தொழிற்சாலையில் போட்ட தேதி இருக்கலாம். வால்யூம் குமிழுக்கு அடியில் 'பாட்' எனப்படும் மின்தடைப் பாகத்தின் முதுகில் ஒரு எண் பொறித்திருக்கும். 1376629 என்றால், 137 என்பது சிடிஎஸ் நிறுவனம், 66 ஆண்டு, 29 வாரம். அந்த பாட் 1966இன் நடுவில் செய்யப்பட்டது. கிட்டார் அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் உருவாகியிருக்கலாம். 1962 என்று சொல்லி விற்பவரை மட்டும் நம்ப முடியாது.

இனி ஆம்பில் செருகிக் கேட்கலாம். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செப்புக் கம்பி சுற்றியது. எஃகுத் தந்தி அதிர்ந்து காந்தப் புலத்தைக் கலைக்க, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அறையிலுள்ள மின்வயர்களின் இரைச்சலையும் அது இழுத்துக்கொள்ளும். 1957இலிருந்து பிரிசிஷனில் இருக்கும் இரு துண்டு பிக்கப் இந்த இரைச்சலை ஒன்றுக்கொன்று கழித்துவிடுகிறது. 1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் முழு வால்யூமில் இருக்கும்போது மட்டுமே இது நடக்கும். ஒன்றைக் குறைத்ததும் 'உம்ம்' என்று கேட்டால் அது கோளாறு அல்ல. அதைக் காட்டி விலை குறைக்கப் பார்ப்பவர்களும் உண்டு!

மியூசிக் மேன் 1976இல் கொண்டுவந்த ஸ்டிங்ரே போன்ற ஆக்டிவ் பேஸ்களில் 9 வோல்ட் பேட்டரி இருக்கும். கேபிளைச் செருகினாலே அது வேலை செய்யத் தொடங்கிவிடும். இரவெல்லாம் கேபிளோடு விட்டால் பேட்டரி தீர்ந்து, சத்தம் கரகரத்து ஓயும். கெட்டுவிட்டது என்று அரை விலைக்குப் போகும் பேஸில் சில சமயம் கெட்டது பேட்டரி மட்டும்தான்.

'ஜி' தந்தியில் ஐந்தாம், ஆறாம், ஏழாம் ஃப்ரெட்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு சுரம் சட்டென்று அடங்கினால், தந்தியின் அதிர்வை நெக் உறிஞ்சுகிறது என்று பொருள். நல்ல பேஸ்களிலும் இது உண்டு. எவ்வளவு என்பதுதான் கணக்கு. தந்தி பழசாக இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தன் 1962 பிரிசிஷனில் போட்ட வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் தந்திகளை, அறுந்தாலொழிய மாற்றமாட்டார்.

விரல் படும் பலகை பெரும்பாலும் ரோஸ்வுட், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரமோ அதன் உறவோ. 2017 ஜனவரியில் அந்த மரப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பழைய பேஸைக்கூட வெளிநாட்டுக்கு விற்க அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. முழுமையாக்கிய இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. தனிப்பட்டியலில் இருக்கும் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை.

பேஸோடு ஆம்ப் வாங்கும்போது எல்லோரும் வாட் கேட்கிறார்கள். ஓம் கேட்பவர் குறைவு. 8 ஓம் ஸ்பீக்கர் கேபினெட் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் ஆம்புக்குத் தெரிவது 4 ஓம். 4 ஓம் கேபினெட் இரண்டைச் சேர்த்தால் 2 ஓம். குறைந்தபட்சம் 4 ஓம் என்று எழுதியிருக்கும் ஆம்ப் அதில் சூடேறி நின்றுவிடும், அல்லது எரிந்துவிடும். 1969இல் ஆம்பெக் செய்த எஸ்விடி போன்ற 300 வாட் வால்வு ஆம்ப் என்றால் இன்னொரு எச்சரிக்கை: ஸ்பீக்கர் இணைக்காமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். ஸ்பீக்கர் கைவசம் இல்லை, விளக்கு எரிவதை மட்டும் பாருங்கள் என்று விற்பவர் சுவிட்சைத் தட்டப் போனால் தடுத்துவிடுங்கள். கேபினெட்டைக் கொண்டுவந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.