பூத்தையலுக்கு ஒரு மாதிரித் துணி

பூத்தையல் பழக விரும்புவோர் பலர், எடுத்த எடுப்பில் மேசை விரிப்பிலோ தலையணை உறையிலோ கை வைத்துவிடுகின்றனர். பாதி வேலையில் துணி சுருங்கிவிட்டால் அது விரிப்பாகவும் பயன்படுவதில்லை, பாடமாகவும் அமைவதில்லை. முதலில் தைக்க வேண்டியது மாதிரித் துணியே. தையல் வகைகளை வரிசை வரிசையாகத் தைத்துச் சேமிக்கும் துண்டுத் துணிக்கே நாம் இப்பெயர் தருகிறோம்.

இம்முறை புதியதன்று. அச்சிட்ட கோலப் புத்தகங்கள் அரிதாயிருந்த காலத்து ஐரோப்பாவில், கண்ட வேலைப்பாட்டை மறவாதிருக்கத் துணியிலேயே தைத்து வைத்தனர். ஜேன் பாஸ்டாக் என்பார் 1598 என்று ஆண்டைப் பொறித்துத் தைத்த துணி, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிசாலையில் உள்ளது. ஆண்டு குறித்த பிரிட்டிஷ் மாதிரித் துணிகளுள் அறியப்பட்டவற்றில் அதுவே பழையது.

துணியைத் தேர்வதில் நெசவாளர் குடும்பத்தினருக்கு ஒரு வசதி உண்டு. பாவும் ஊடையும் அங்குலத்திற்கு ஒரே எண்ணிக்கையில் அமைந்த, சற்றே தடித்த சாதா நெசவுத் துணியை அவர்கள் தறியிலிருந்தே பெறலாம். அதில் இழைகளை எண்ணித் தைத்தால் கோடு வரையாமலே தையல் நேராக வரும். நீலகிரித் தோடர் பெண்கள் வெண்பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் செய்யும் வேலைப்பாடு இவ்வாறு எண்ணியே தைக்கப்படுவது. இருபுறமும் பயன்படுத்தத் தக்கது. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஓட்டுத் தையலும் பின் தையலும் எல்லோரும் அறிந்தவை. ஒவ்வொரு வரிசை போதும். சங்கிலித் தையலில் பொறுமை வேண்டும். ஊசி மேலே வந்த துளையிலேயே அதை மீண்டும் இறக்கி, நூலை வளையமாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, சிறிது தள்ளி அவ்வளையத்தினுள் ஊசியை எழுப்புதல் வேண்டும். இறுக இழுத்தால் கண்ணி மறைந்து வெறுங் கோடாகும். காம்புத் தையலில் நூல் எப்பொழுதும் ஊசிக்கு ஒரே பக்கம் இருத்தல் வேண்டும்; மாறினால் முறுக்குக் கெடும். குறுக்குத் தையலில் மேலே விழும் கால்கள் யாவும் ஒரே திசையில் சாய வேண்டும். இதழ்களை நிரப்பும் தையலை அகலமாகப் போட்டால் நூல் வளையலிலும் நகத்திலும் மாட்டிக்கொள்ளும். ஆறிழைப் பூநூலில் இரண்டு அல்லது மூன்று இழைகளைப் பிரித்தெடுத்துப் பழகுவது நலம்.

தைத்தவர் முன்புறத்தைக் காட்டுவார்; வாங்குவோர் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பார். ஆகவே முடிச்சுப் போடாது, நூல் முனையைத் தைத்த இழைகளுக்கடியில் செருகி முடிக்கப் பழக வேண்டும். சிவப்பு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தல் இன்றியமையாதது. சாயம் இறங்கினால் முழு உழைப்பும் வீண்.

கூலிக்குத் தைக்கும் அங்கத்தினர் இரண்டு மாதிரிகள் தயாரிப்பாராக. ஒன்று வாங்குவோரிடமும் மற்றொன்று சங்கத்திலும் இருக்கட்டும். இரு தரப்பாரும் கையொப்பமிட்ட சீட்டை அவற்றில் இணைத்துவிட்டால், ‘நாங்கள் கேட்டது இதுவன்று’ என்று சரக்கைத் திருப்புவது எளிதன்று. அச்சீட்டில் ஒரு சாண் வரிசை தைக்க எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதையும் எழுதுதல் வேண்டும். கடிகாரம் பார்த்துத் தைப்பதைப் பலர் கௌரவக் குறைவாக எண்ணுகின்றனர். அக்கணக்கு இல்லாமல் ஒப்புக்கொண்ட கூலி பெரும்பாலும் குறைந்த கூலியே. மாதிரியை ஒரு முறை சோப்பிட்டுத் துவைத்து, நிழலில் உலர்த்திய பின்னரே விலை பேசுக.