கிராமத்தில் தங்கிப் பயிலும் விவசாய மாணாக்கர்

விவசாயக் கலாசாலையில் நான்கு வருஷம் வாசித்துப் பட்டம் பெற்ற வாலிபன் உத்தியோகம் வேண்டி நிற்கையில், "நீ எந்த வயலில் என்ன வேலை செய்தாய்?" என்று எவரேனும் வினவினால், புஸ்தகப் படிப்பு மாத்திரம் அதற்கு விடை தராது. இக்குறையை நீக்கவே, கடைசி வருஷ மாணாக்கர் கிராமங்களில் தங்கி விவசாயிகளுடன் பழக வேண்டுமென்ற விதி ஏற்பட்டிருக்கிறது.

சென்னை சைதாப்பேட்டையிலிருந்த விவசாயப் பள்ளி 1906-ல் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டு, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததை அன்பர்கள் அறிவார்கள். 2015-ல் இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தார் 'ஸ்டூடண்ட் ரெடி' என்னும் திட்டத்தை ஏற்படுத்தி, கிராமவாசம், தொழிற்சாலைப் பயிற்சி, சுயதொழில் அனுபவம் முதலியவற்றைப் பாடத்தின் அங்கங்களாக்கினர்.

இதனால் வரும் நன்மைகள் மூன்று. விதைக் கம்பெனி, சொட்டுநீர்ப் பாசனக் கம்பெனி, விவசாயக் கடன் அளிக்கும் பாங்கி ஆகியவற்றுக்குக் குடியானவர்களுடன் பேசிப் பழகியவர்களே வேண்டும். பயிற்சிக்கு வந்தவனின் வேலையை முதலாளி நேரில் கண்டு மதிப்பிடலாம். மேலும், தனக்கு எவ்வேலை பொருந்தும் என்பதை மாணாக்கனே தெரிந்துகொள்வான்.

ஆயினும் இப்பயிற்சி பெயரளவில் முடிவதும் உண்டு. சில வருஷங்களுக்கு முன் மாணாக்கன் ஒருவன் குறிப்புப் புத்தகத்தில் கையொப்பம் வேண்டி என்னிடம் வந்தான். உப்புநீரில் விதை தேர்வதைப் பற்றி மிக அழகாக எழுதியிருந்தான். ஒரு வாளியும் உப்பும் கோழிமுட்டையும் கொடுத்துச் செய்துகாட்டச் சொன்னேன், திகைத்து நின்றான். அவன் தங்கிய வீட்டு மிராசுதார் அவனை விருந்தாளியாகத் திண்ணையில் உட்கார்த்திக் காப்பி கொடுத்தாரேயன்றி, வயலுக்கு அழைத்துப் போகவில்லை. முட்டையின் மேற்புறம் சிறு நாணயமளவு வெளியே தெரியும்படி மிதக்கும்வரை உப்பைக் கரைத்து, நெல்லையிட்டு, மிதந்த பதரை நீக்கி, அமிழ்ந்த விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலம்ப வேண்டுமெனக் காட்டினேன். அன்று மாலைக்குள் அவனே அண்டை வீட்டார் மூவருக்கு அதைச் செய்துகாட்டினான். அதன் பின்னரே கையொப்பமிட்டேன்.

ஆகையால் நிலமுடையோர் கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. மாணாக்கரைக் கூலியாளாகவும் நடத்தலாகாது, விருந்தாளியாகவும் நடத்தலாகாது. சிறு பாத்தி ஒன்றை அவர் பொறுப்பில் விடுக.

2. மண் மாதிரி எடுக்கச் செய்க. நெல் வயலில் 10 முதல் 15 இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணெடுத்து, ஒன்றாய்க் கலந்து, நாலாகப் பகுத்துக் கழித்து, அரைக் கிலோ மீதி வைப்பதே முறை.

3. உழவு, விதை, எரு, கூலி ஆகிய செலவுகளையும் வரவையும் மறையாது சொல்லிக் கணக்கெழுதச் செய்க. நஷ்டக் கணக்கும் பாடமே.

4. கிராம உத்தியோகஸ்தர்கள் அடங்கல், சிட்டா, புலப்படம் ஆகியவற்றைப் படிக்கும் விதத்தை விளக்குக. மாணவிகளுக்குத் தக்க ஜாகை கிடைக்கவும் உதவுக.

5. செய்யாத வேலைக்குக் கையொப்பமிடற்க. அது தயையாகத் தோன்றினும், அவருடைய பிழைப்பைக் கெடுப்பதேயாகும்.

இன்று உங்கள் வரப்பில் வழுக்கி விழுந்தெழும் வாலிபர் நாளை உங்கள் பிர்க்காவுக்கே விவசாய அதிகாரியாக வரக்கூடும். அவர் அப்போது சொல்லும் யோசனையின் தரம், நீங்கள் இப்போது கற்பிக்கும் வேலையையும் பொறுத்ததாகும்.