13, 9, 5: அடுப்பில் எரியும் கணக்கு

குளிர்ந்த நீர் நிரம்பிய பாத்திரத்தைக் கேஸ் அடுப்பில் வைத்துப் பற்றவைத்தால், சற்று நேரத்தில் அதன் அடிப்பக்கம் வியர்த்துவிடும். ஓரிரு சொட்டு பர்னரில் விழுந்து ‘சுர்’ரென்று அடங்கும். பாத்திரம் ஒழுகுகிறதோ என்று தூக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. ஒழுகவில்லை, அது தீயில் பிறந்த தண்ணீர். பாத்திரம் சூடேறியதும் வியர்வை மறைந்துவிடும். ஆனால் தண்ணீர் உண்டாவது நிற்பதில்லை. ஆவியாகவே சமையலறைக் காற்றில் கலந்துகொண்டிருக்கும்.

14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் இப்படி உண்டாகும் தண்ணீர் சுமார் 22 லிட்டர். கூடவே 43 கிலோ கார்பன் டை ஆக்சைடு. உள்ளே இருந்ததைப் போல நாலரை மடங்கு எடை வெளியே வருகிறது! கூடுதல் எடை முழுவதும் காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன், ஏறக்குறைய 51 கிலோ. சிலிண்டரை எரித்துப் பார்க்காமலேயே இதையெல்லாம் சொல்லிவிட முடிகிறது என்பதுதான் வேதிக் கணக்கீட்டின் சாமர்த்தியம். பிளஸ் ஒன் மாணவர்கள் தொடக்கத்திலேயே முட்டி மோதும் பாடம் இது.

சமையல் எரிவாயு என்பது புரப்பேனும் பியூட்டேனும் கலந்தது. கணக்கு எளிதாக இருக்க, முழுவதும் பியூட்டேன் என்றே வைத்துக்கொள்ளலாம். புரப்பேனாக இருந்தாலும் விடை பெரிதாக மாறாது. ஒரு பியூட்டேன் மூலக்கூறில் 4 கார்பன் அணுக்கள், 10 ஹைட்ரஜன் அணுக்கள். 2 பியூட்டேன் மூலக்கூறுகள் முழுமையாக எரிய 13 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். கிடைப்பவை 8 கார்பன் டை ஆக்சைடு, 10 தண்ணீர். எண்ணிப் பார்த்தால் இரு பக்கமும் 8 கார்பன், 20 ஹைட்ரஜன், 26 ஆக்சிஜன். ஓர் அணுகூடத் தொலையவில்லை, புதிதாக முளைக்கவும் இல்லை.

மாணவர்கள் வழுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில்தான். 2-க்கு 13 என்றதும், 2 கிராம் பியூட்டேனுக்கு 13 கிராம் ஆக்சிஜன் என்று எழுதிவிடுவார்கள். சமன்பாடு சொல்வது மூலக்கூறுகளின் எண்ணிக்கையை; தராசு காட்டுவதோ எடையை. கார்பன் அணுவின் எடை 12, ஹைட்ரஜன் 1, ஆக்சிஜன் 16 என்று கொண்டால், பியூட்டேன் மூலக்கூறு 58, ஆக்சிஜன் மூலக்கூறு 32. ஆக 116 கிராம் பியூட்டேனுக்கு 416 கிராம் ஆக்சிஜன். ஒரு கிராமுக்கு 3.6 கிராம்தான், ஆறரை அல்ல.

எண்ணிக்கைக்கும் எடைக்கும் நடுவே பாலம் போடுவது மோல். இரும்புக் கடையில் ஆணியை யாரும் எண்ணித் தருவதில்லை, நிறுத்துத்தான் தருகிறார்கள். ஓர் ஆணியின் எடை தெரிந்தால் கிலோவுக்கு எத்தனை என்பது தானே தெரிந்துவிடும். மூலக்கூறு விஷயத்திலும் அதே வேலைதான், எண்தான் மலைக்க வைக்கிறது. 602214076 என்று எழுதி அதன் பின்னால் 15 சுழியங்கள் போட்டால் அது ஒரு மோல். 2019-ல் இந்த எண்ணையே மோலின் வரையறையாக உலகம் ஏற்றுக்கொண்டது. 58 கிராம் பியூட்டேனிலும் 32 கிராம் ஆக்சிஜனிலும் இருப்பவை இதே எண்ணிக்கையிலான மூலக்கூறுகள்.

இந்தத் துறைக்கு விதை போட்டவர்களிடம் மோலும் கிடையாது, அணு எடைப் பட்டியலும் கிடையாது. வினைக்கு முன்னும் பின்னும் மொத்த எடை மாறுவதில்லை என்று பிரான்சில் லவாய்சியர் தராசை வைத்தே நிலைநாட்டினார். ஒரு குறிப்பிட்ட அளவு அமிலத்தைச் சமன்செய்ய எவ்வளவு காரம் வேண்டும் என்று அளந்து அளந்து அட்டவணை போட்டவர் ஜெர்மனியின் ஜெரமியாஸ் ரிக்டர். ஸ்டாய்க்கியோமெட்ரி என்ற பெயரை 1792-ல் சூட்டியவரும் அவரே. டால்டனின் அணுக் கொள்கை நூலாக வெளிவந்ததோ 1808-ல்தான்.

சரி, 13 கிடைக்காவிட்டால்? காற்று குறைந்தாலும் தீ உடனே அணைந்துவிடாது, கிடைத்ததை வைத்து எரியும். 13-க்குப் பதில் 9 ஆக்சிஜன் மூலக்கூறுகளே கிடைத்தால், கார்பன் டை ஆக்சைடு இருக்க வேண்டிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு வரும். 5 மட்டுமே என்றால் கார்பன் அப்படியே கரியாக மிஞ்சும். உண்மையான தீயில் மூன்றும் கலந்தே நடக்கின்றன. சுடர் மஞ்சளாக எரிவதும் பாத்திரம் கரிபிடிப்பதும், பர்னர் அடைத்துக்கொண்டு காற்று போதவில்லை என்பதற்கான அடையாளங்கள். எது முதலில் தீர்கிறதோ அதுவே வினையின் எல்லையைத் தீர்மானிக்கிறது. இங்கே எரிவாயு மிச்சம், காற்றுதான் பற்றாக்குறை.

கரியைத் தேய்த்துக் கழுவிவிடலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிடப் பலமடங்கு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மூடிய குளியலறையில் கேஸ் கீசர் எரியவிடுவது உயிருக்கே ஆபத்து என்பது இதனால்தான். ஐந்தடிக்கு ஆறடி, எட்டடி உயரம் உள்ள குளியலறைக் காற்றில் ஆக்சிஜன் 2 கிலோகூடத் தேறாது. அங்கே 150 கிராம் எரிவாயு எரிந்தால் 540 கிராம் ஆக்சிஜன் காலி. வெளிக்காற்று வர வழியில்லாவிட்டால் கால் பங்குக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். உள்ளே குளிப்பவருக்கு மூச்சுத் திணறலைவிடத் தலைசுற்றல் முந்திக்கொள்ளலாம்.

இதே விகிதத்தை விடாமல் காவல் காக்கும் ஏற்பாடு இன்றைய பைக்குகளில் இருக்கிறது. பெட்ரோல் ஒரு கிராமுக்குக் காற்று 14.7 கிராம் என்பது அங்கே கணக்கு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபின், புதிய பைக்குகளில் கார்புரேட்டர் இருந்த இடத்துக்கு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. சைலன்ஸர் குழாயில் செருகியிருக்கும் சென்சார், புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறது. மிஞ்சினால் பெட்ரோல் கொஞ்சம் கூடும். மிஞ்சாவிட்டால் கொஞ்சம் குறையும். விகிதம் 14.7-ஐ ஒட்டி நின்றால்தான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் புகையிலுள்ள நச்சு வாயுக்கள் எல்லாவற்றையும் ஒருசேர ஒடுக்கும்.