பாசி முயல்... பச்சை ஆமை! வீட்டுத் தோட்டத்துக்கு நீங்களே செய்யலாம்

கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவில் மே மாதம் மலர்க் கண்காட்சி தொடங்கிவிட்டால், குழந்தைகள் முதலில் ஓடி நிற்பது பூக்களாலும் காய்கறிகளாலும் செய்த விலங்கு உருவங்களின் முன்புதான். ஆனால் அவற்றின் ஆயுள் சில நாள்கள்தான். வருடக்கணக்கில் பசுமையாக நிற்கும் ஒரு முயலையோ ஆமையையோ நம் வீட்டுத் தோட்டத்திலேயே வளர்க்கலாம். இதற்கு ‘டோப்பியரி’ என்று பெயர்.

செடிகளை விலங்கு வடிவில் வெட்டும் பழக்கம் சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியில் இருந்தது. இளைய பிளினி தன் தோட்டத்தில் அப்படி வெட்டிய செடிகள் இருந்ததைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். மும்பை தொங்கும் தோட்டத்தில் இன்றும் அப்படிப்பட்ட செடிகளைப் பார்க்கலாம். செடி அந்த அளவுக்கு வளர்ந்து வடிவம் பெற ஆண்டுகள் ஆகும். கம்பிக் கூட்டில் பாசியை அடைத்து, அதன்மேல் கொடியைப் படரவிடுவது குறுக்கு வழி.

பாசியை எங்கே எடுப்பது?

இங்கேதான் கவனம் தேவை. சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், காபியும் மிளகும் ஆரஞ்சும் மலை வாழையும் விளையும் தாண்டிக்குடியில், மழைக்காலம் வந்தால் மரமெல்லாம் பச்சைப் போர்வை போர்த்திக்கொள்ளும். ‘சும்மா கிடக்கிற பாசிதானே’ என்று உரித்தெடுக்கத் தோன்றும்.

பாசி சும்மா கிடப்பதில்லை. அதற்கு உண்மையான வேர் கிடையாது. மழையையும் மூடுபனியையும் இலையாலேயே உறிஞ்சி வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல விடுகிறது. மரத்தின் மேல் வளரும் ஆர்க்கிட்டும் பெரணியும் முளைவிட அதுதான் மெத்தை. செண்பகனூர் சேசு சபைக் கல்லூரியைச் சேர்ந்த பாதிரியார் ஃபோரோ, பழனி மலைப் பாசி வகைகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். அவருடைய பட்டியல் 1961-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியானது. ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் தேடிச் சேர்க்கும் அளவுக்கு அதில் ரகங்கள் இருந்தன. சோலை மரத்தில் ஒரு கூடை பாசியை உரிக்க நிமிடங்கள் போதும். அது திரும்ப வளர ஆண்டுகள் வேண்டும்.

தவிர, இந்த மலையின் ஒரு பகுதி 2013-ல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து அனுமதியில்லாமல் செடி, கொடி எடுப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அப்படியானால் என்ன செய்வது? தேங்காய் நார் இருக்கிறதே! பாசி செய்யும் வேலையை நாரும் நார்க்கழிவும் செய்யும். காபித் தோட்டக்காரர்கள், தண்டுத் துளைப்பான் முட்டையிடாமல் இருக்க காபிச் செடியின் தண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்வார்கள். அப்போது சொந்தத் தோட்டத்தில் உதிரும் பாசியை மேற்பூச்சாகப் பயன்படுத்தலாம்.

தேவையானவை

துருப்பிடிக்காத கனமான கம்பி, மெல்லிய கட்டுக்கம்பி, கோழி வலை, தேங்காய் நார், நார்க்கழிவுக் கட்டி, மட்கிய தொழு உரம், ஒரு காலி தண்ணீர் பாட்டில், கையுறை.

செய்முறை

1. முதல் முறை என்றால் முயல் அல்லது ஆமை போதும். செய்தித்தாளில் உண்மையான அளவிலேயே படம் வரைந்துகொள்ளுங்கள். ஓர் அடி உயரம் சரியாக இருக்கும்.

2. படத்தின் மேல் வைத்துக் கம்பியை வளையுங்கள். நெடுக்கில் ஒரு வளையம், குறுக்கில் இரண்டு வளையம் சேர்த்துக் கட்டினால் உடம்பு. சிறிய உருண்டை தலை, இரண்டு நீள வளையங்கள் காது. கால் கம்பிகளை அரை அடி கூடுதலாக விடுங்கள். மண்ணில் ஊன்ற உதவும்.

3. கோழி வலையால் கூட்டை மூடுங்கள். வயிற்றுப் பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும்.

4. நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். மூன்று பங்கு நார்க்கழிவுக்கு ஒரு பங்கு தொழு உரம் கலந்துகொள்ளுங்கள்.

5. வலையின் உள்பக்கம் ஓர் அங்குல கனத்துக்கு ஈர நாரைப் பரப்பி, நடுவில் கலவையை அடையுங்கள். முதலில் காது, கால், தலை, கடைசியில் உடம்பு. பாட்டிலில் சிறு துளைகள் போட்டு, வாய் முதுகுப் பக்கம் வெளியே தெரியும்படி வயிற்றுக்குள் வையுங்கள். எடை குறையும், அதில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே மெல்லக் கசியும்.

6. வயிற்றை மூடிக் கட்டிவிட்டு, பென்சிலால் துளையிட்டு நாற்றுகளை நடுங்கள். சுவரில் ஒட்டிப் படரும் ‘கிரீப்பிங் ஃபிக்’ மலைக்கும் சமவெளிக்கும் ஏற்றது. படரும் தண்டுகளைக் கொண்டை ஊசியால் நாரோடு சேர்த்துக் குத்திவிடுங்கள்.

பராமரிப்பு

தினமும் காலையில் தண்ணீர் தெளியுங்கள். மதுரை, திண்டுக்கல் வெயிலில் நிழலான இடமும் இருவேளைத் தண்ணீரும் அவசியம். மாதம் ஒரு முறை நீர்த்த திரவ உரம் கொடுங்கள். வடிவத்தை விட்டு நீளும் தண்டுகளை உடனுக்குடன் கத்தரியுங்கள். விட்டால் முயல் புதராகிவிடும். கிரீப்பிங் ஃபிக்கின் பால் சிலருக்கு அரிப்புத் தரும் என்பதால், கையுறையோடு வெட்டுங்கள். வெட்டிய துண்டுகளைக் காட்டோரம் வீசாமல் உரக்குழியில் போடுங்கள். வெளியூர்க் கொடிகள் சோலைக்குள் வேர்விட்டால் அகற்றுவது கஷ்டம்.

மலைவாசிகளுக்கு இன்னொரு வசதி. நிழலில், எப்போதும் ஈரமாக இருக்கும் நாரின் மேல், மழைக்காலப் பனியில் பாசி தானாகவே வந்து ஒட்டும். காட்டிலிருந்து கொண்டுவர வேண்டியதே இல்லை. கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும்!